ஓதிய தண்ணீரும் கிளினிக் அட்டையும்



என் தங்கையின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். "எழுதுங்க நானா, ஆனா உங்கட பிழையையும் சேத்து எழுதுங்க" என்றாள். ஆகவே என் பிழையிலிருந்தே தொடங்குகிறேன்.

2009ஆம் வருடம். அறபுக் கல்லூரியில் ஓதி வெளியாகி மூன்று வருடங்கள் ஆகியிருந்தன. ஊர் மத்ரஸாவில் ஓதிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். தங்கைக்கு இரண்டாவது பிள்ளை கிடைத்திருந்தது. சுகப் பிரசவம், பிள்ளையும் நல்ல நிறை. வீடே சந்தோஷத்தில் இருக்க, அவள் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். பிள்ளை உறங்கும் நேரத்திலும் அவளுக்கு உறக்கமில்லை. சாப்பாட்டுப் பீங்கான் வைத்தபடியே ஆறிக் கிடக்கும். பிள்ளையைக் கொடுத்தால் வாங்குவாள், ஆனால் முகத்தைப் பார்க்க மாட்டாள். பிரசவித்த பெண்கள் பலருக்கு வரும் அழுகை இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். இதுவோ ஐந்தாவது வாரம்.

உம்மா கண்ணூறு என்றார். மாமி ஜின் என்றார். நான் தண்ணீர் ஓதிக் கொடுத்தேன். அதில் பிழையில்லை, இன்றும் ஓதிக் கொடுக்கிறேன். பிழை அதன் பிறகு நான் சொன்ன வார்த்தையில்தான் இருந்தது. "அல்லாஹ் குறையில்லாத பிள்ளையைத் தந்திருக்கிறான். நன்றி மறக்காதே, ஈமானைப் பலப்படுத்து" என்றேன். அதற்குப் பிறகு அவள் என்னிடம் எதுவுமே சொல்லவில்லை. நோயோடு கிடந்தவளின் தலையில், தான் பாவி என்ற எண்ணத்தையும் ஏற்றிவிட்டு எழுந்து போயிருக்கிறேன்.

அதே வாரம் வகுப்பில் நான் சூரா மர்யமுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். பிரசவ வேதனையில் மர்யம் (அலை) அவர்கள், இதற்கு முன்பே தான் இறந்திருக்கக் கூடாதா என்று ஏங்கியதை அல்குர்ஆன் மறைக்கவில்லை. அவர்களை அது கண்டிக்கவுமில்லை. பேரீச்சம் பழமும் நீரும் காட்டி ஆறுதல் சொல்கிறது. இதை மாணவர்களுக்கு விளக்கிவிட்டு வீட்டுக்கு வந்து என் தங்கையை ஏசியிருக்கிறேன்!

டொக்டரிடம் காட்டுவோமா என்று மச்சான் கேட்டபோது மறுத்ததும் நான்தான். காரணம் மார்க்கம் அல்ல, சகோதரிகளே. இளைய தங்கைக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தோம். "அந்த வீட்டில ஒரு பைத்தியம் இருக்கு" என்று கதை வந்துவிடுமே என்று பயந்தேன். அங்கொடை என்ற ஊர்ப்பெயரையே நாம் ஏச்சாக்கி வைத்திருந்தோம் அல்லவா? என் பயத்துக்கு நான் தவக்குல் என்று பெயர் சூட்டிக்கொண்டேன்.

பிள்ளையை நிறுக்க வந்த மிட்வைப் மிஸ்தான் கண்டுபிடித்தார். எங்கள் எல்லோரையும் அறையை விட்டு வெளியே போகச் சொன்னார். செத்துப்போகலாம் என்ற நினைப்பு வருகிறதா என்று நேரடியாகவே கேட்டாராம். வருகிறது என்றாளாம் என் தங்கை. அடுத்த அறையில் இருந்த எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று சிலர் அஞ்சுவார்கள். அப்படி வருவதில்லை. கேட்க ஆள் இல்லாமல்தான் அவள் அதை ஐந்து வாரம் தனியே சுமந்திருக்கிறாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியின் மனநல கிளினிக்குக்குப் போனோம். அங்கே வாங்கில் எங்கள் ஊரார் இருவர் இருந்தார்கள். எங்களைக் கண்டு அவர்கள் தலையைக் குனிந்தார்கள், நாங்களும் குனிந்தோம். இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது.

பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு இது என்றார் டொக்டர். பிள்ளை பெற்ற பெண்களில் நூற்றுக்கு 13 பேரளவில் மனநலக் கோளாறு, பெரும்பாலும் மனச்சோர்வு, காண்கிறது என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. மருந்துக்கு அடிமையாகிவிடுவாளோ, பால் கொடுக்க முடியாதோ என்றெல்லாம் உம்மா கேட்டார். இந்த மருந்து அடிமையாக்காது, பலன் தெரியச் சில வாரங்கள் எடுக்கும், சுகம் கண்டதும் நாமாக நிறுத்திவிடக் கூடாது, பால் கொடுக்கும் தாய்க்கு ஏற்ற மருந்தும் உண்டு என்று பொறுமையாகச் சொன்னார். மூன்றாவது மாதம் ஒரு காலையில் பிள்ளையின் காதைத் தொட்டுப் பார்த்து, "இது வாப்பாட காது" என்று தங்கை சிரித்தாள். குசினியில் நின்ற உம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தார்.

பிறகுதான் நான் கிதாபுகளைப் புரட்டினேன். ஹிஜ்ரி 322இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ, உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் எழுதியிருக்கிறார். கவலையுற்றோரின் நெஞ்சுக்கு இதம் தரும் என்று ஆயிஷா (ரழி) அவர்கள் மரண வீடுகளில் தல்பீனா என்ற வாற்கோதுமைக் கஞ்சியைக் காய்ச்சச் சொன்ன ஹதீஸ் புஹாரியிலேயே இருக்கிறது. மருத்துவம் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னதை நான் எத்தனை ஜும்ஆக்களில் ஓதியிருப்பேன்! காய்ச்சலுக்கும் சீனி வருத்தத்துக்கும் மட்டும்தான் அது என்று யார் எனக்குச் சொன்னார்கள்?

உங்கள் வீட்டில் ஒருத்தி இப்படிக் கிடந்தால் மிட்வைபிடம் சொல்லுங்கள். அவசரமென்றால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள். இளைய தங்கையின் கலியாணமும் நடந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்கு எல்லாம் தெரிந்துதான் நடந்தது.

போன மாதம் ஒரு தாய், மகளுக்குத் தண்ணீர் ஓதித் தரும்படி போத்தலோடு வந்தார். ஓதிக் கொடுத்துவிட்டு, கிளினிக் நடக்கும் நாளையும் சொன்னேன்.

"யாரும் கண்டா என்ன செய்யிற மௌலவி?" என்றார்.

தங்கையின் வீட்டைக் காட்டினேன். செவ்வாய்க்கிழமை அவள்தான் தன் பழைய கிளினிக் அட்டையையும் எடுத்துக்கொண்டு, அந்தப் பிள்ளையைக் கூட்டிப் போனாள்.