பாலிஷ் மட்டும்

ரசீதில் இருந்தது ஒரே வரி: ‘மவுத்பீஸ் பாலிஷ்’. 1986-ஆம் வருட நுகர்வோர் சட்டம் நடப்பில் இருந்தபோது சென்னையில் நான் நடத்திய அந்த வழக்கில், எங்கள் கையில் இருந்த வலுவான ஆவணம் அதுதான்.

கட்சிக்காரரின் அப்பா சரக்குக் கப்பலில் இன்ஜினீயர். அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் வாங்கிய, கேவுட்டி கம்பெனியின் புகையிலை பைப்பைக் கடைசிவரை வைத்திருந்தார். அவர் காலமான பிறகு அதைக் கண்ணாடி அலமாரியில் வைக்க மகன் ஆசைப்பட்டார். வாயில் வைக்கும் வல்கனைட் தண்டு நாள்பட்டுப் பச்சையும் மஞ்சளுமாக வெளுத்துக் கிடந்தது. பேனா செய்யும் எபோனைட்டும் இதுவும் ஒரே சரக்கு, கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர். அதனால் பேனா கடையும் பட்டறை ஒன்றில் கொடுத்தார். திரும்பி வந்தபோது தண்டு கறுகறுவென்று மின்னியது. அதன் முனையில் இருந்த ஸ்டிங்கரைத்தான் காணோம்.

தண்டின் முனையிலிருந்து புகையிலைக் கிண்ணத்தை நோக்கி நீளும் சிறு அலுமினியக் குமிழ் அது. சூடான புகை அதில் மோதிச் சற்று ஆறும், ஈரம் உலோகத்தில் படியும், கசப்பு நீர் நாக்குக்கு வராது என்று சொல்லி 1930-களில் அமெரிக்கக் கம்பெனிகள் பைப் விற்றன. கேவுட்டியின் பழைய குமிழில் நான்கு துளைகள், பிற்காலத்தில் மூன்று. பழைய பைப் சேகரிப்பவர்கள் தண்டைத் திருகிக் கழற்றித் துளைகளை எண்ணிப் பார்ப்பார்கள். எங்களுடையது நான்கு துளை. கொடுப்பதற்கு முன் எடுத்த போட்டோ இருந்தது.

பட்டறைக்காரர் பொய்யே சொல்லவில்லை. “அதுல தாரு அடைச்சிக்கும் சார். கம்பி உள்ள போவாது, இழுப்பும் வராது. நல்லதுக்குத்தான் அறுத்தேன்” என்றார். பஞ்சு சுற்றிய கம்பியை நுகர்வோர் மன்றத்திலேயே தண்டுக்குள் விட்டுக் காட்டினார். தடையில்லாமல் மறுமுனையில் வந்தது. தினமும் பைப் பிடிப்பவர்கள் பலர் இதே காரணத்துக்காக ஸ்டிங்கரை எடுத்துவிடுகிறார்கள். தொழிலாக மட்டும் பார்த்தால் அவர் சொன்னது நியாயம்தான்.

அவருடைய வக்கீல் இன்னொரு வாதம் வைத்தார். அறுத்ததற்குக் கூலி வாங்கவில்லை, இலவசமாகச் செய்த வேலை சட்டப்படி ‘சேவை’ ஆகாது என்றார். சட்டத்தில் அப்படி ஒரு விலக்கு இருப்பது உண்மை. ஆனால் பைப் அவர் கைக்குப் போனதே கூலி பேசிய பாலிஷ் வேலைக்காக. அந்த வேலையின் நடுவில் நடந்ததைத் தனியே பிரித்து இலவசம் என்று சொல்ல முடியாது என்றேன். 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 151-ஆம் பிரிவையும் காட்டினேன். ஒப்படைத்த பொருளை, விவேகமுள்ளவர் தன் சொந்தப் பொருளைப் பேணுவதுபோல் பேண வேண்டும் என்கிறது அது.

“என் சொந்த பைப்பா இருந்தாலும் அறுத்துத்தான் இருப்பேன்” என்றார் பட்டறைக்காரர். அதைப் பிடித்துக்கொண்டேன். சொந்தப் பொருளை அறுக்க அவருக்கு முழு உரிமை உண்டு. அடுத்தவர் பொருளைப் பேணச் சொல்கிற பிரிவு அதை மாற்றியமைக்க அதிகாரம் தரவில்லை. சில பைப்களில் ஸ்டிங்கர் தனியாகச் செருகியிருக்கும். ஸ்பிரிட்டில் ஊறவைத்துத் தாரை இளக்கினால் முழுசாகக் கழன்று வரும், வேண்டும்போது மாட்டிக்கொள்ளலாம். எங்கள் பைப்பில் அது திருகுமரையோடு ஒரே துண்டு. அறுத்தால் அறுத்ததுதான். அறுத்த துண்டும் பட்டறைக் குப்பையோடு போய்விட்டது.

குறுக்கு விசாரணையில் நான் கேட்டது இரண்டே கேள்வி. அறுக்கும் முன் உரிமையாளரைக் கேட்டீர்களா? “இல்லைங்க.” இவர் பைப் பிடிப்பவரா என்று தெரியுமா? அதற்கும் இல்லை என்றார். என் கட்சிக்காரர் புகையிலையைத் தொட்டவரே அல்ல. இழுப்பு நன்றாக வந்து அவருக்கு என்ன ஆகப்போகிறது? அப்பா கையில் இருந்தபடியே அது வேண்டும், அவ்வளவுதான்.

மன்றத்தின் தலைவரும் இரண்டு உறுப்பினர்களும் ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள். ஸ்டிங்கரை எடுப்பது நல்லதா கெட்டதா என்பதற்குள் தாங்கள் போகவில்லை, முடிவு உரிமையாளருடையது, கேட்காமல் அறுத்தது சேவைக் குறைபாடு என்றார்கள். பாலிஷ் கூலியைத் திருப்பித் தர வேண்டும், மன உளைச்சலுக்கு இழப்பீடும் வழக்குச் செலவும் கொடுக்க வேண்டும் என்று உத்தரவானது. மேல்முறையீட்டுக்கு 30 நாள் அவகாசம் இருந்தது. பட்டறைக்காரர் போகவில்லை, பணத்தைக் கட்டிவிட்டார்.