மற்சுமோட்டோவின் மின்சாரக் கிற்றார்கள்

யப்பானின் நகோயா நகரிலிருந்து மற்சுமோட்டோவுக்குச் செல்லும் புகையிரதம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஓடுகின்றது. வழியின் பெரும்பகுதி கீசோ ஆற்றின் பள்ளத்தாக்கு. இருமருங்கிலும் 'ஹினோக்கி' மரங்கள் நெடிதுயர்ந்து நிற்கின்றன. பிரபுக்கள் ஆண்ட காலத்தில், இக்காட்டில் ஒரு மரத்தைத் தறித்தவன் அதற்கு ஈடாகத் தன் தலையைக் கொடுக்க வேண்டும் என்றொரு விதி இருந்ததாம்.

நாம் இவ்வழியே சென்றது ஆலயம் தரிசிக்க அன்று. கிற்றார் பிறக்குமிடம் காண. எம் மாணவர் சிலர் 'ஐபனேஸ்' என்னும் பெயரை உச்சரிக்கும் பக்தியைத் திருமுறை ஓதும்போது காட்டினாரல்லர். அத்துணைப் பெருமை அப்பெயருக்கு எங்ஙனம் வந்தது என்று அறிய விரும்பினோம்.

பெயர் யப்பானுக்குரியதன்று. நகோயாவில் ஹோஷினோ குடும்பத்தார் ஒரு புத்தகசாலை வைத்திருந்தனர். 1908இல் அதன் ஒரு பிரிவாக இசைக்கருவி வியாபாரம் தொடங்கிற்று. 1929 அளவில், ஸ்பானிய நாட்டு வலன்சியாவைச் சேர்ந்த சல்வடோர் இபாஞெஸ் என்னும் கைவினைஞரின் பெயர் பொறித்த கிற்றார்களை அவர்கள் தருவித்து விற்றனர். பின்னர் அவ்வரவு நின்றுபோக, அப்பெயரிலேயே தாமே கிற்றார் செய்யத் தலைப்பட்டனர். இரவற் பெயரோடு தொடங்கிய தொழில் இது என்பதை வாசகர் நினைவில் வைத்திருத்தல் வேண்டும்.

மற்சுமோட்டோ, மலைகள் சூழ்ந்த மேட்டுநிலத்து நகரம். அதன் நடுவே பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த கரிய கோட்டை அகழி நீரில் நிழல் விழ நிற்கின்றது. நிறத்தை நோக்கி மக்கள் அதனைக் காகக் கோட்டை என்பர். இவ்வூரார் தம் நகரை 'மூன்று காக்கு'களின் நகரம் என்று சொல்லி மகிழ்வர். மலை, இசை, கல்வி ஆகிய மூன்றையும் குறிக்கும் எழுத்துகள் வேறாயினும், அவர்கள் மொழியில் மூன்றுக்கும் ஒலி 'காக்கு' என்பதே. சிலேடையில் மயங்கும் தமிழருக்கு இதைக் கேட்கப் பெருவிருப்பாயிருக்கும்.

இசையின் பெருமைக்குக் காரணர் ஷினிச்சி சுசுக்கி. நகோயாவில் வயலின் தொழிற்சாலை நிறுவிய ஒருவரின் மைந்தர். உலகப் போர் முடிந்தபின் மற்சுமோட்டோவுக்கு வந்து, சிறு குழந்தைகளுக்கு வயலின் கற்பித்தார். தாய்மொழியைக் குழந்தை எப்படிக் கற்கின்றது? கேட்டு, கேட்டதைப் போலச் சொல்லி, அன்றோ? அவ்வாறே இசையையும் கற்கலாம் என்பது அவர் கொள்கை. ஏடு பின்னர், செவி முன்னர். நம் குருகுலத்திற்கு இது புதிதன்று.

இதே ஊரில் 1960இல் பூஜிகென் என்னும் கிற்றார்த் தொழிற்சாலை எழுந்தது. அதனை நிறுவியவர் இருவர். வயலின் செய்யவே முதலில் எண்ணி, அது கடிதெனக் கண்டு கிற்றாருக்குத் திரும்பினர். சில ஆண்டுகளில் மின்சாரக் கிற்றாரும் செய்யலாயினர். மின்சாரக் கிற்றாரின் சூட்சுமம் எளிது. உருக்குத் தந்தியின் கீழே செப்புக் கம்பி சுற்றிய காந்தம் ஒன்று இருக்கும். தந்தி அதிர, கம்பியில் மின்னோட்டம் பிறந்து ஒலிபெருக்கியிற் சென்று நாதமாகும். எனவே வீணைக்குரிய குடம் இதற்கு இன்றியமையாததன்று.

1970 தொடக்கம் ஐபனேஸ் கிற்றார்கள் பல இங்கே செய்யப்பட்டன. அவை பெரும்பாலும் அமெரிக்கரின் கிப்சன், பெண்டர் கருவிகளின் பிரதிகள். முதலில் உருவம் மட்டும் ஒத்திருந்தது. ஆண்டுக்கு ஆண்டு தரமும் நெருங்கி வந்தது. 1977இல், கிப்சனை உடைமையாகக் கொண்டிருந்த நோர்லின் நிறுவனம் பிலடெல்பியா நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. முறையீடு கிற்றாரின் தலைப்பகுதி வடிவத்தைப் பற்றியது. வழக்கு இணக்கமாய் முடிந்தது. ஐபனேசார் அத்தலை வடிவத்தை அதற்கு முன்னரே மாற்றத் தொடங்கிவிட்டனர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

பிரதி செய்தது நேர்மையா என்று கேட்பார் உளர். பிறர் வடிவத்தை விற்றுப் பொருளீட்டியது பிழை என்றே நாம் கருதுகின்றோம். ஆயினும் அப்பிரதிகளைச் செய்த கைகள் கற்றுக்கொண்டதை எந்த நீதிமன்றமும் திருப்பிக் கேட்க இயலாது. சுசுக்கியின் குழந்தைகளும் இவ்வாறே அன்றோ கற்றனர்!

கற்றதன் பயன் அவ்வாண்டிலேயே தெரிந்தது. அமெரிக்க ஜாஸ் கலைஞர் ஜோர்ஜ் பென்சனுக்கு ஓர் இடையூறு இருந்தது. உள்ளீடற்ற பெரிய கிற்றாரை உரத்த ஒலிபெருக்கியின் முன் வாசித்தால் அது தானே ஊளையிடும். அவர் விருப்பப்படி, உடல் சிறுத்த கிற்றார் ஒன்றை ஐபனேசார் செய்து கொடுத்தனர். ஜீபி10 எனப் பெயர்பெற்ற அது எவருடைய பிரதியுமன்று.

ஆசிரியராகிய எமக்கு மிக உவப்பானது மற்றொரு செய்தி. நியூயோர்க் மாநிலத்தில் ஜோ சற்றியானி என்னும் இளைஞர் கிற்றார் கற்பித்து வந்தார். அவரிடம் கற்றவர்களுள் ஒருவர் ஸ்ரீவ் வை. 1987இல் ஐபனேசார் ஸ்ரீவ் வையின் யோசனைப்படி 'ஜெம்' என்னும் கிற்றாரை வெளியிட்டனர். இருபத்து நான்கு மெட்டுகளின் கடைசி வரை விரல் எட்டும். உடலிலேயே தூக்கிச் செல்லும் கைப்பிடித் துளை வெட்டப்பட்டிருக்கும். இறுதி நான்கு மெட்டுகளின் இடையே மரம் குடைந்திருப்பதால் தந்தியை அழுத்தி வளைப்பது இலகு. வீணையிற் கமகம் பிடிப்போர் இதன் அருமையை உடனே உணர்வர். அடுத்த ஆண்டில் சற்றியானியின் பெயரிலும் ஒரு கிற்றார் வந்தது. சீடன் முந்த, குரு பிந்தினார். அதனால் குருவுக்கு என்ன குறை?

1990இல் ஸ்ரீவ் வைக்காகவே ஏழு தந்திக் கிற்றாரும் வந்தது. ஏழாவது தந்தி, ஆறாவதினும் தாழ்ந்த சுருதியுடையது. அதனை அவர் எண்ணியிராத வழியிற் கொண்டு சென்றவர் கலிபோர்ணியாவின் 'கோர்ன்' குழுவினர். 1994இல் வெளிவந்த அவர்களின் முதல் இசைத்தட்டில் அத்தந்தியின் கனத்த முழக்கத்தைக் கேட்கலாம். எம் செவிக்கு அது இடியோசையே. மாணவர் மறுப்பர், மறுக்கட்டும்.

இன்று மலிவான ஐபனேஸ்கள் இந்தோனேசியாவிலும் சீனாவிலும் செய்யப்படுகின்றன. யப்பானில் ஆனவற்றுக்கு விலை மிகுதி. யப்பானியரான இச்சிக்கா நிற்றோ என்னும் இளங்கலைஞரும் ஐபனேசையே வாசிக்கின்றார். அவர் கையில் அது முழங்குவதில்லை. விரல் நுனிகளால் மெல்லத் தொட்டுத் தொட்டு, மழைத்துளி சொட்டுவது போல வாசிக்கின்றார். அதனை மட்டும் நாம் இருமுறை கேட்டோம்.