ஓநாய் சொன்ன கதை

கதைமாந்தர், பின்னணி, கதைப்பின்னல் எனக் கதையை மூன்றாகப் பிரித்து ஆராய்வதற்குப் பயிற்சிக் கழகத்தில் கற்றோம். இம்மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் படைப்பு ஒன்றைக் காட்டச் சொன்னால், 2013-இல் வெளிவந்த மிஷ்கினின் 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' படத்தைத்தான் சொல்வேன். (பெற்றோர் கவனத்திற்கு: வன்முறை மிகுந்த படம். பிள்ளைகளுக்கு உகந்ததன்று.)

நள்ளிரவில் சென்னைச் சாலையோரம் குண்டடிபட்டுக் கிடக்கும் ஒருவனை, மருத்துவ மாணவன் சந்துரு வீட்டிற்குத் தூக்கிச்சென்று அறுவைச் சிகிச்சை செய்து பிழைக்க வைக்கிறான். விடிந்ததும் அம்மனிதனைக் காணோம். அவன் 'ஓநாய்' என்றழைக்கப்படும் கூலிக்கொலைகாரன் என்பது பிறகுதான் தெரியவருகிறது. அவனைப் பிடிக்கச் சந்துருவையே தூண்டில் புழுவாக்குகிறது காவல்துறை.

ஓநாயாக மிஷ்கினே நடித்திருக்கிறார். அதிகம் பேசுவதில்லை. ஏன் ஓடுகிறான் என்பதும் நெடுநேரம் சொல்லப்படுவதில்லை. பார்வையற்ற ஒரு குடும்பத்தை அவன் இருளில் கவனமாக அழைத்துச் செல்வதை மட்டுமே காண்கிறோம். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அமைந்துள்ள பிரிக்பீல்ட்ஸில், ஒருவர் தோளை ஒருவர் பற்றி நடப்போரை நாம் அன்றாடம் பார்க்கிறோம். அந்நடையின் நிதானத்தைப் படம் சரியாகவே பிடித்திருக்கிறது.

படத்தின் பெரும்பகுதி இரவு. பாடல்கள் இல்லை. இளையராஜாவின் இசையைப் 'பின்னணி' என்னாமல் 'முன்னணி' என்று பொருள்படப் பெயர்ப்பட்டியலில் குறித்திருக்கிறார் மிஷ்கின். அது மிகையன்று, ஓநாய் பேசாத இடங்களில் வயலின்கள்தாம் அவனுக்காகப் பேசுகின்றன. துப்பாக்கிச் சண்டைகள் சற்று நீளம் என்பது என் குறை.

கொலைகாரனை மையமாக வைத்த படங்கள் தமிழுக்குப் புதியனவல்ல. 'சிகப்பு ரோஜாக்கள்' (1978), 'மூடுபனி' (1980) இரண்டும் கொலைகாரனின் இளமைக்காலத்தைக் காட்டி, அவன் ஏன் இப்படி ஆனான் என்று விளக்கின. மிஷ்கின் வேறு வழியில் செல்கிறார். கல்லறைத் தோட்டத்தில், அக்குடும்பத்துச் சிறுமிக்குக் கதை சொல்வதுபோல் ஓநாய் தன் கதையைச் சொல்கிறான். தவறுதலாக ஓர் அப்பாவியைக் கொன்றதும், அவ்வப்பாவியின் குடும்பத்தையே இப்போது காத்து நிற்பதும் விலங்குக் கதையாக வெளிப்படுகின்றன. காட்சி முழுவதும் ஒரே வீச்சில் எடுக்கப்பட்டது.

ஈசாப்பின் ஓநாய், ஓடைக்கரை ஆட்டுக்குட்டியைத் தின்பதற்குச் சாக்குமேல் சாக்காகத் தேடுகிறது. இந்த ஓநாய் ஒரு சாக்கும் சொல்லவில்லை. நேரே சொல்ல நாவெழாத குற்றத்தைக் காட்டு விலங்குகளின் மேல் ஏற்றினால்தான் அவனால் வாய்திறக்க முடிகிறது. நீதிக்கதை குழந்தைக்கானது என்றே நாம் நினைக்கிறோம். இங்கே அது சொல்பவனுக்குத் தேவைப்படுகிறது.

கதை சொல்லும் போட்டிக்கு மாணவர்களைத் தயார்செய்யும் நாம் கையசைவு, குரல் ஏற்றஇறக்கம், விலங்கின் ஒலி என எத்தனையோ கற்றுக்கொடுக்கிறோம். மிஷ்கின் அவற்றை நாடவில்லை. மூச்சு வாங்க, குரல் தழுதழுக்க, நகராமல் சொல்கிறார். நம் மாவட்டப் போட்டியில் அவருக்கு ஆறுதல் பரிசுகூடக் கிடைத்திராது.