நகரத்துச் சிற்றுண்டிச் சாலையும் நம்மூர்த் தேநீர்க் கடையும்

தருமபுரி மாவட்டத்தில் பெங்களூரோடு தொடர்பில்லாத குடும்பத்தைக் காண்பது இன்று அரிதாகிவிட்டது. ஒரு வீட்டில் மகன் கட்டட வேலைக்குச் சென்றிருப்பான். இன்னொரு வீட்டில் மகள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பணிபுரிவாள். சற்றுப் படித்தவர் கணினி நிறுவனம் ஒன்றில் அமர்ந்திருப்பார். தொலைவு ஏறத்தாழ 140 கிலோமீட்டர்தான். மழை பொய்த்த ஆண்டுகளில் பென்னாகரம், அரூர்ப் பகுதிகளிலிருந்து குடும்பம் குடும்பமாகவே பேருந்து ஏறிவிடுகின்றனர். அவர்களைச் சந்திப்பதற்காக நாமும் அந்நகருக்கு அடிக்கடி செல்ல நேர்கின்றது. புறப்படும்போதெல்லாம் தாய்மார்கள் நம்மிடம் சொல்லியனுப்புவது ஒன்றே. “சாமி, பிள்ளை வேளைக்குச் சாப்பிடுகிறானா, எங்கே என்ன சாப்பிடுகிறான் என்று கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.”

பார்த்துவிட்டு வந்தோம். ஆனால் விடை இரண்டு சொற்களில் அடங்குவதாயில்லை.

அந்நகரில் உண்ணுமிடங்களுக்குப் பஞ்சமில்லை. தெருமுனைத் தள்ளுவண்டி முதல், இறைச்சி உணவுக்குப் பெயர்பெற்ற ‘மிலிட்டரி ஓட்டல்’கள், இலைபோட்டுப் பரிமாறும் ஆந்திரச் சாப்பாட்டுக் கடைகள், குளிரூட்டிய கண்ணாடி மாளிகைகள் வரை எல்லாம் உண்டு. அமெரிக்காவின் கென்டக்கி கோழிக் கடை 1995 ஜூன் மாதத்தில் பெங்களூர் பிரிகேடு சாலையில் திறக்கப்பட்டபோது அது பெரும் பரபரப்பை உண்டாக்கியது. 1996 ஜனவரியில் கர்நாடக ராஜ்ய ரைத்த சங்கத்து உழவர்கள் அக்கடைக்குள் புகுந்து பொருள்களை உடைத்தனர். அயல்நாட்டு உணவு நம் பண்பாட்டையும் உழவையும் அழித்துவிடும் என்பது அவர்கள் அச்சம். இன்று அத்தகைய கடைகள் நம் நெடுஞ்சாலை ஓரங்களிலேயே விளக்கொளியில் மின்னுகின்றன, உடைப்பார் ஒருவருமில்லை. பிறந்த நாளென்றால் பிள்ளைகள் அங்குதான் அழைத்துச் செல்லச் சொல்கின்றனர்.

எனினும் நம் பிள்ளைகளுக்கு நாள்தோறும் சோறிடுவது அந்தக் கண்ணாடி மாளிகைகள் அல்ல. ‘தர்ஷினி’ என்று பெங்களூர்வாசிகள் அழைக்கும் சிறு சிற்றுண்டிச் சாலைகளே அவர்களைக் காப்பாற்றி வருகின்றன. 1983இல் செயநகரில் ‘கபே தர்ஷினி’ என்ற பெயரில் பிரபாகர் என்பவர் அமைத்த கடையே இவ்வகைக்கு முன்னோடி. வெளிநாட்டு விரைவு உணவகங்களின் முறையை எடுத்துக்கொண்டு, அதில் நம் இட்லியையும் தோசையையும் அவர் வைத்தார். உள்ளே நுழைந்ததும் பணம் செலுத்திச் சீட்டுப் பெற வேண்டும். சீட்டை நீட்டினால் தட்டு உடனே வந்துவிடும். நாற்காலி கிடையாது; பரிமாறுவோர் கிடையாது. மார்பளவு உயரமுள்ள சிறு மேசையருகே நின்று உண்டுவிட்டு, தட்டை உரிய இடத்தில் வைத்துவிட்டுச் செல்ல வேண்டியதுதான்.

இடமும் ஆளும் குறைந்தபடியால் விலை குறைகின்றது. விலை குறைந்தபடியால் கூட்டம் கூடுகின்றது. கூட்டம் கூடியபடியால் இட்லி ஆறுவதற்கும் சாம்பார் புளிப்பதற்கும் நேரமில்லை. ஒரு தட்டு இறங்கினால் மறுதட்டு ஏறுகின்றது. நாற்பது வகைப் பண்டங்களின் பெயரை அச்சிட்டுக் காட்டும் கடையைவிட, எட்டு வகையை மட்டும் விடாமல் சுட்டுப் போடும் கடையில் உணவு புதிதாக இருப்பதன் காரணம் இதுவே. சமையலும் பெரும்பாலும் கண்ணெதிரே நடக்கின்றது. தாய்மார்களே, இதை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்: அலங்காரத்தைப் பாராதே, அடுப்பைப் பார், கூட்டம் வந்துபோகும் கடையில் உண். பொரித்த பண்டம் வாங்குமுன் எண்ணெயின் நிறத்தை நோக்கு. மீண்டும் மீண்டும் காய்ச்சிய எண்ணெயில் தீங்கான பொருள்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தலாகாது என்ற விதி 2018 ஜூலை முதல் நடைமுறையில் உண்டு. கருத்து நுரைத்த எண்ணெயை அறிய ஆய்வகம் வேண்டுவதில்லை. கடையின் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் சுவரில் இருக்க வேண்டும். கொதிக்கும் சாம்பாரைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தரும் வழக்கம் தமிழ்நாட்டில் 2019 சனவரி முதல் தடைசெய்யப்பட்டது. தடை உள்ளதென்பதால் வழக்கம் ஒழிந்ததென்று எண்ணிவிடாதீர்கள். பாத்திரம் கொண்டு செல்வதே நலம்.

“நின்றுகொண்டே உண்பதா?” என்று பெரியவர்கள் முகம் சுளிப்பது நமக்குத் தெரியும். கூலி வேலைக்கு ஏழரை மணிக்கு நிற்க வேண்டியவனுக்கு அமர்ந்துண்ண நேரமெங்கே? அன்றியும், நம் திருமண மண்டபங்களிலேயே தட்டேந்தி வரிசையில் நிற்கும் வழக்கம் புகுந்துவிட்ட பின்னர், பெங்களூரைக் குறைசொல்ல நமக்கு வாயில்லை.

சுவையும் விலையும் தூய்மையும் பற்றித்தான் எழுத எண்ணியிருந்தோம். ஆனால் நம் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் கூறிய சொல் நம் எண்ணத்தை வேறு பக்கம் திருப்பிவிட்டது. அவருக்குச் சென்ட்ரிங் வேலை. ஒருநாள் காலை நம்மைத் தர்ஷினி ஒன்றிற்கு அழைத்துச் சென்றார். அவர் நின்ற மேசையில் வங்கி அலுவலர் போன்ற ஒருவர் கழுத்துப் பட்டையோடு நின்றார். எதிரே ஒரு கல்லூரி மாணவி. பக்கத்தில் ஆட்டோ ஓட்டுநர். நால்வர் கையிலும் ஒரே அளவான எவர்சில்வர் குவளை. இளைஞர் காபியை ஆற்றிக்கொண்டே, “சாமி, இங்கே சட்னி நம் வீட்டுச் சட்னி போல வராது. ஆனால் எந்தத் தெரு என்று ஒருவரும் கேட்பதில்லை” என்றார்.

அவர் காலனியில் பிறந்தவர். அவருடைய தந்தையார் தம் இளமையில் ஊர்த் தேநீர்க் கடையில் கூரைக் கம்பில் தனியே மாட்டிய குவளையைத் தாமே எடுத்து, எட்ட நின்று குடித்து, தாமே கழுவி, மீண்டும் மாட்டிவிட்டு வந்தவர். காசு மட்டும் எல்லோருக்கும் ஒன்றாகவே வாங்கப்பட்டது.

பந்தி என்று இருந்தால்தானே முதற் பந்தி, கடைப் பந்தி என்ற பேச்சு எழும்? உட்காரும் இடத்தையே எடுத்துவிட்ட அந்தச் சிறு கடை, தானறியாமலேயே பந்தியையும் எடுத்துவிட்டது. நகரத்து விரைவு உணவகத்தின் தரத்தைப் பற்றி ஆயிரம் சொல்லலாம். நாம் கண்ட மேலான தரம் இதுவே.

இது எளிதில் வந்ததன்று. முற்காலத்து ஓட்டல்களில் பிராமணருக்கு ஓரிடம், ஏனையோருக்கு ஓரிடம் என்ற பிரிவு வெளிப்படையாகவே இருந்தது. தாழ்த்தப்பட்டோருக்குப் பல இடங்களில் நுழைவே இல்லை. இரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் ‘பிராமணாள், இதராள்’ என்ற பிரிவு பெரியாரின் கிளர்ச்சிக்குப் பின் 1941இல்தான் நீக்கப்பட்டது. விடுதலை பெற்று பத்தாண்டு கடந்தும், 1957இல் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபேயின் பெயர்ப் பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை அழிக்கக் கோரி அவர் தொடங்கிய மறியல் பல மாதங்கள் நீடித்தது. இதற்கிடையே 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு, கடைகளிலும் உணவகங்களிலும் சாதி, சமயம், இனம், பால், பிறப்பிடம் பற்றி எவரையும் தடுக்கலாகாது என்று கூறிவிட்டது. தீண்டாமையைக் குற்றமாக்கிய 1955ஆம் ஆண்டுச் சட்டமோ, உணவகத்தில் நுழையும் உரிமையோடு நில்லாமல், அங்குள்ள பாத்திரங்களைப் பயன்படுத்தும் உரிமையையும் தனியே எடுத்துரைக்கின்றது. சட்டம் இயற்றியோர் குவளையை மறக்கவில்லை.

நம் மாவட்டம் மறந்துவிட்டதா? 2024 பிப்ரவரியில் மொரப்பூரை அடுத்த சிற்றூர் ஒன்றில், வயல் வேலைக்கு வந்த பட்டியல் இனப் பெண்களுக்குக் கொட்டாங்குச்சியில் தேநீர் கொடுத்ததாக வழக்குப் பதிவாகி இரு பெண்கள் கைதான செய்தியை நாளிதழ்களில் படித்தோம். ஔவைக்கு அரிய நெல்லிக்கனியை ஈந்தவன் என்று அதியமானைப் போற்றும் தகடூர் நாடு இது. வேறு சில இடங்களில் கொட்டாங்குச்சி மறைந்து காகிதக் குவளை வந்துள்ளது. எல்லோருக்கும் காகிதக் குவளை என்றால் அது சுகாதாரம். சிலருக்கு மட்டும் என்றால் அது பழைய குவளையின் புதிய சட்டை. கடைக்காரர் எவருக்குக் கண்ணாடிக் குவளையை நீட்டுகிறார், எவருக்குக் காகிதத்தை நீட்டுகிறார் என்று கால்மணி நேரம் நின்று கவனித்தால் போதும், ஊரின் வரைபடம் முழுதும் விளங்கிவிடும்.

கிறிஸ்தவர்களாகிய நாம் இவ்விடத்தில் வெளியாரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நகர முடியாது. அந்தியோக்கியாவில் புறவினத்தாரோடு அமர்ந்து உண்டுவந்த புனித இராயப்பர், எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அஞ்சி விலகிக்கொண்டார். புனித சின்னப்பர் அவரை எல்லோர் முன்னிலையிலும் கண்டித்தார் என்பதைக் கலாத்தியருக்கு எழுதிய திருமுகம் மறைக்காமல் சொல்கின்றது. திருச்சபையின் தலைவரையே கண்டிக்கும் அளவுக்கு, எவரோடு உண்பது என்பது தொடக்க நாளிலேயே சிறு செய்தியாக இருக்கவில்லை. ஒரே நற்கருணையை உண்டு எழுந்தவர்கள், அதே நாள் திருவிழா விருந்தில் பக்கத்து இலையில் அமர்பவரைப் பார்த்ததும், “வீட்டில் வேலை இருக்கிறது” என்று நழுவுவதை நாம் பல ஊர்களில் கண்டிருக்கின்றோம். அந்த வேலை என்னவென்று நமக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

நகரத்தைத் தெய்வலோகமாகக் காட்டுவதும் நம் நோக்கமன்று. தர்ஷினியில் தெருவைக் கேட்காத அதே நகரில், வாடகைக்கு வீடு கேட்டால் பல இடங்களில் சாதியும் கேட்கப்படுகின்றது, என்ன உண்பீர்கள் என்றும் கேட்கப்படுகின்றது. சாதி பிரிக்காத இடத்தைப் பணம் பிரித்துவிடுகின்றது. குளிரூட்டிய உணவகத்தின் வாயிலில், பை முதுகில் தொங்க, பிறர் உண்ணும் உணவுக்காகக் காத்து நிற்கும் இளைஞர்களில் நம் மாவட்டத்தார் எத்தனை பேர்! அவர்கள் பசியாற நாடுவது வேறிடம். 2017 ஆகஸ்டில் பெங்களூரில் தொடங்கிய இந்திரா உணவகங்கள் 5 ரூபாய்க்குக் காலைச் சிற்றுண்டியும் 10 ரூபாய்க்குச் சாப்பாடும் அளிக்க முன்வந்தன. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே, 2013 பிப்ரவரியில், சென்னையில் அம்மா உணவகம் 1 ரூபாய்க்கு இட்லியும் 5 ரூபாய்க்குச் சாம்பார் சாதமும் தந்து வழிகாட்டியிருந்தது. அங்கும் நின்றுதான் உண்கின்றனர். அங்கும் தட்டு ஒரே தட்டுதான்.

இன்னொன்றும் நல்லதாக மாறியுள்ளது. நாம் சிறுவராயிருந்த நாளில் ஓட்டலில் மேசை துடைத்து எச்சில் இலை எடுத்தவர்கள் நம் வயதுச் சிறுவர்களே. ஓட்டல்களிலும் தேநீர்க் கடைகளிலும் 14 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு அமர்த்தலாகாது என்ற தடை 2006 அக்டோபரில்தான் வந்தது. இன்று அவ்வேலைக்குப் பெரும்பாலும் வட மாநிலத்து இளைஞர்கள் வருகின்றனர். அவர்களுடைய தாய்மாரும் யாரிடமோ, “பிள்ளை சாப்பிடுகிறானா?” என்று கேட்டுக்கொண்டுதான் இருப்பர்.

களியைப் பற்றி ஒரு வார்த்தை. ஊரில் கேழ்வரகுக் களி என்றால் மூக்கைச் சுருக்கும் பிள்ளை, பெங்களூரில் ‘ராகி முத்தே’ என்று பலகை தொங்கும் கடையைத் தேடிச் சென்று காசு கொடுத்து உருண்டை விழுங்குவதைக் கண்டோம். நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் அதில் இருபதில் ஒரு பங்கும் தேறாது. ஏழையின் உணவு, காலனி உணவு என்று நாம் இறக்கி வைத்ததை, 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்து உலகமே ஏற்றி வைத்தது. உணவுக்கும் நாம்தான் சாதி வகுத்திருந்தோம் போலும்.

அந்தச் சென்ட்ரிங் இளைஞர் சென்ற கிறிஸ்து பிறப்புக்கு ஊர் வந்திருந்தார். ஊர்த் தேநீர்க் கடைக்குச் சென்றார். கடைக்காரர் வழக்கம்போல் காகிதக் குவளையை எடுத்தார். இளைஞர் சண்டையிடவில்லை. “அண்ணே, எனக்கும் கண்ணாடியிலேயே கொடுங்கள், சூடு தாங்கும்” என்றார். கடைக்காரர் பெஞ்சில் அமர்ந்திருந்தவர்களைப் பார்த்தார். பெஞ்சில் இருந்தவர்கள் செய்தித்தாளைப் பார்த்தனர். சிறிது நேரம் பாய்லரின் ஓசை மட்டும் கேட்டதாம். பின்னர் கண்ணாடிக் குவளையில் தேநீர் வந்தது. குடித்து முடித்ததும் இளைஞர் அதைக் கழுவாமல் பலகைமேல் வைத்துவிட்டு வந்தார். “அதுதான் சாமி கடினமாக இருந்தது, கை தானாகக் குழாய்ப் பக்கம் போயிற்று” என்று நம்மிடம் கூறினார்.

மறுவாரம் அக்கடையில் கண்ணாடிக் குவளைகள் ஒன்றையும் காணோம். எல்லோருக்கும் காகிதக் குவளையே. கூடவே தேநீரின் விலை இரண்டு ரூபாய் ஏறிவிட்டது. அதைப் பற்றி இரு தெருவினரும் இப்போது கடை வாசலில் சேர்ந்து நின்று குறைகூறி வருகின்றனர்.