எரர் வரலையா? உஷார்!

ஸ்கிரிப்ட் எரர் அடிக்காம ஓடி முடிஞ்சா உடனே கொண்டாடாதீங்க பாஸ். அப்பதான் உஷாரா இருக்கணும்!

எங்க காலேஜ்ல தோழி ஒருத்தி, ஸ்காலர்ஷிப் விண்ணப்ப ஃபைலை அலச பைத்தான்ல ஸ்கிரிப்ட் எழுதினா. ஜம்முனு ஓடிச்சு. ஆனா, லிஸ்ட்ல சில பேரைக் காணோம். ரெண்டு பேரும் உட்கார்ந்து, விடுபட்ட ஒரு வரியை நோட்பேடில் பார்த்தோம். குற்றவாளி, முகவரிக்குள் இருந்த கமா! கமா கண்ட இடமெல்லாம் வெட்டுகிற 'ஸ்ப்ளிட்', 'காந்தி தெரு, மதுரை'யை இரண்டு கட்டமாக்கிவிட்டது. குடும்ப வருமானம் இருக்கவேண்டிய இடத்தில் மதுரை! எண் இல்லாத வரியை ஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் தள்ளிவிட்டது. பைத்தானிலேயே இருக்கும் 'சிஎஸ்வி' மாட்யூல், மேற்கோள் குறிக்குள் இருக்கும் கமாவில் வெட்டாது. அதைப் போட்டதும் காணாமப் போனவங்க வந்துட்டாங்க.

விஞ்ஞானிகளுக்கே இந்தக் கதி உண்டு. 'மார்ச்1' என்ற மரபணுவை எக்ஸெல் தேதியாக மாற்றித் தொல்லை கொடுக்க, கடைசியில் பெயரையே 'மார்ச்எஃப்1' ஆக்கினார்கள். 2020-ல் இதற்கெனப் புது விதிமுறையே வந்தது.

அதனால, உள்ளே போனது எத்தனை வரி, வெளியே வந்தது எத்தனைன்னு எண்ணிப் பாருங்க. விட்டுப்போன ஒரு வரி, ஒருத்தரோட படிப்பா இருக்கலாம்.