இவ்வாரம் என்ன செய்வீர்கள்?

முதியோர்மீது நாம் காட்டும் அன்பு, பெரும்பாலும் அவர்கள் கையிலிருந்து ஏதேனும் ஒரு வேலையைப் பறிப்பதாகவே அமைந்துவிடுகிறது. நோயுற்றோர்க்கு நற்கருணை கொண்டுசெல்லும் இல்லங்களில் இதனை அடிக்கடி காண்கிறோம். தந்தை வாளியைத் தூக்கினால் மகன் ஓடிவந்து வாங்கிக்கொள்கிறார். தாய் முறத்தை எடுத்தால் மருமகள் விடுவதில்லை. "நீங்க சும்மா உட்காருங்க" என்னும் சொல்லில் கள்ளமில்லை, உள்ளன்புதான். ஆயினும் ஓராண்டு சும்மா அமர்ந்த கால், மறு ஆண்டு எழச் சொன்னால் எழுவதில்லை.

இதற்கு மாறான வழியொன்று, 1970களின் இறுதியில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் தோன்றியது. செவிலியராய்ப் பயின்ற கேட் லோரிக் என்னும் அம்மையார், மூட்டுவாதத்தால் வருந்துவோர் தம் நோயைத் தாமே கையாளக் கற்கும் பயிற்சியை அங்கு உருவாக்கினார். பின்னர் அது நீரிழிவு, இதயநோய், மூச்சுநோய் எனப் பல நோயினரும் ஒருங்கே அமரும் பயிற்சியாய் விரிந்தது. வாரம் ஒருமுறை, இரண்டரை மணி நேரம், ஆறு வாரங்கள். கூடுமிடம் நூலகமாகவோ ஆலயக் கூடமாகவோ இருக்கலாம். நடத்துவோர் இருவர், அவர்களும் பெரும்பாலும் மருத்துவர் அல்லர், நீடித்த நோயோடு வாழ்பவர்களே. மூச்சு வாங்குபவரின் அச்சத்தை மூச்சு வாங்குபவரன்றி வேறு யார் அறிவார்?

ஒவ்வொரு வாரமும் பங்கேற்பவர் ஒரு சிறு உறுதி எடுக்கிறார். பிறர் விதித்ததன்று, அவரே விரும்பியது. "நன்றாக நடப்பேன்" என்றால் போதாது. எவ்வளவு தொலைவு, எந்நேரம், வாரத்தில் எத்தனை நாள் என்று சொல்ல வேண்டும். பின்பு, "இதைச் செய்து முடிப்பீர்கள் என்னும் நம்பிக்கை பூச்சியத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு?" என்று கேட்கின்றனர். ஏழுக்குக் குறைந்தால் அறிவுரை கூறுவதில்லை. உறுதியைச் சிறிதாக்க உதவுகின்றனர். மூன்று தெரு என்றது ஒரு தெருவாகிறது. (மறையுரை ஆற்றியே பழகிய நம் போன்றோர்க்கு இது எளிதன்று!)

ஆய்வில் அவர்கள் எதிர்பாராத ஒன்றும் வெளிப்பட்டது. வலி குறைந்தவர்கள் உடற்பயிற்சியை மிகுதியாய்ச் செய்தவர்கள்தாம் என்று உறுதியாய்ச் சொல்ல இயலவில்லை. நலம்பெற்றோரிடம் தெளிவாய்க் காணப்பட்டது, 'என்னால் இயலும்' என்னும் நம்பிக்கையே. அதே பல்கலைக்கழகத்தின் உளவியலறிஞர் ஆல்பர்ட் பண்டூரா முன்பே வகுத்திருந்த கருத்து அது. அதன்பின் பயிற்சியின் கட்டமைப்பே அந்நம்பிக்கையை வளர்க்குமாறு திருத்தப்பட்டது.

இங்கிலாந்து அரசும் 2002-இல் இதனை மேற்கொண்டது. 2007-இல் வெளியான ஆய்வின்படி பங்கேற்றோரின் தன்னம்பிக்கையும் உற்சாகமும் கூடின. மருத்துவரை நாடுவதோ குறையவில்லை. செலவு குறையுமென எண்ணியோர்க்கு அது ஏமாற்றம். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. முதியவர் ஒருவர் உற்சாகத்தோடு எழுவதைப் பணக்கணக்கில் அளப்பதே பொருந்தாத செயல்.

வேறோர் ஆபத்து உண்டு. 'தம்மைத் தாமே பேணுதல்' என்பதைச் சாக்காக்கி, பெற்றோரைத் தனியே விட்டுவிடுவோரும் இருக்கக்கூடும். இப்பயிற்சியோ தனிமையில் நடப்பதன்று. வார நடுவில் பங்கேற்பவர்கள் ஒருவரையொருவர் தொலைபேசியில் அழைத்து, எடுத்த உறுதி என்னவாயிற்று என்று கேட்டுக்கொள்கின்றனர். அடுத்த கூட்டமும் அக்கேள்வியோடே தொடங்குகிறது. "இயலவில்லை" என்பவரை எவரும் கடிந்துகொள்வதில்லை. தடையாய் நின்றது மழையா, முழங்கால் வலியா, துணையில்லாமையா என்று வட்டமாய் அமர்ந்து ஆராய்கின்றனர். பிறகு அவர் வேறோர் உறுதியைச் சொல்கிறார்.