பாலோவில் ஓர் எழுத்துப் பட்டறை

மலேசியாவில், ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் மாவட்டத்தில் இருக்கிறது பாலோ. கிம்மாசிலிருந்து ஜொகூர் பாரு செல்லும் ரயில் பாதையில் ஒரு சிறு பட்டணம். சுற்றிலும் முன்பு ரப்பர், இப்போது செம்பனை. தமிழ் எழுத்துரு செய்யும் இளைஞர் ஒருவர் அங்கே இருக்கிறார் என்று தெரிந்த ஆசிரியை ஒருவர் சொன்னதால் போனேன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் தம்பி என்றே குறிப்பிடுகிறேன்.

பகலில் அவர் சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே நிரல் எழுதுகிறார். ஒரு நாள் கைப்பேசித் திரை, மறுநாள் சர்வர், இன்னொரு நாள் தரவுத்தளம். எது பழுதோ அதைப் பார்க்கும் ஆள். மாலையில் நிறுவனத்தின் மடிக்கணினியை மூடிவிட்டு, சொந்தக் கணினியைத் திறக்கிறார். அதில் ஃபான்ட்ஃபோர்ஜ் என்ற இலவச மென்பொருள். திரை முழுக்க ஒரே ஒரு ‘ர’.

“அண்ணே, கைப்பேசியில சின்ன அளவுல பார்த்தா ‘ர’வும் கால் குறியும் ஒண்ணாத் தெரியும். ‘வர’ன்னு எழுதினா ‘வா’ன்னு படிச்சிடுவாங்க” என்றார். ரகரத்தின் அடியில் இடப்பக்கம் சாயும் வாலைப் புள்ளி புள்ளியாக நகர்த்தி நீட்டினார். பிறகு எழுத்தைச் சிறிதாக்கிக் காட்டினார். வால் நீண்ட பிறகுதான் இரண்டும் பிரிந்தன.

இந்த வேலையில் ஓவியம் பாதி, இலக்கணம் பாதி. எகரக் கொம்பை ஒருமுறை வரைந்தால் போதும், எல்லா மெய்க்கும் பொருந்தும். உகர ஊகார வரிசை அப்படி அல்ல. கு, சு, டு, மு என்று ஒவ்வொன்றும் தனி உருவம். 18 மெய்க்கு 36 வடிவங்களைத் தனித்தனியே வரைந்தாக வேண்டும். ‘கொ’ என்று தட்டினால் யூனிகோடு முறையில் முதலில் ககரமும் அடுத்து ஒகரக் குறியும் சேமிக்கப்படும். திரையிலோ கொம்பு முன்னே, கால் பின்னே, ககரம் நடுவே வர வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்ய ஹார்ஃப்பஸ் போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன. எழுத்துருவில் வடிவங்கள் சரியாக இல்லாவிட்டால் அவற்றாலும் பயனில்லை. ‘ஔ’ இன்னொரு சிக்கல். ஒகரமும் ளகரமுமாகத் தட்டினாலும் கண்ணுக்கு ஏறத்தாழ அப்படியே தெரியும். ஆனால் ஔவையாரைத் தேடுகிறவருக்கு அப்படித் தட்டிய பக்கம் அகப்படாது.

தம்பியின் மேசையில் வேறு பொருள்களும் இருந்தன. மாடியில் வைத்த மழைமானியின் அளவைக் கைப்பேசிக்கு அனுப்பும் சிறு சர்க்யூட் ஒன்று. கோயில் திருவிழாவில் பதிவு செய்த உறுமி மேளத்தின் அடிகளை அலைக்கோடாக வரையும் நிரல் ஒன்று. எதற்கும் யாரும் காசு தரவில்லை. ஆனால் உறுமியின் கோடுகளை வரையப் பழகியதுதான் எழுத்தின் வளைவுகளைத் தொடத் துணிவு தந்தது என்கிறார். ஆர்வத்தில் கற்ற எதுவும் வீணாவதில்லை என்பதை அந்த மேசையில் நேரில் பார்த்தேன்.

இந்த வழியில் முன்னே நடந்தவரும் மலேசியர்தான். கவிஞர் முரசு நெடுமாறனின் மகன் முத்து நெடுமாறன், பொறியியல் படித்துவிட்டுக் கணினித் துறையில் வேலை பார்த்துக்கொண்டே 1985இல் முரசு அஞ்சலை உருவாக்கினார். யூனிகோடு வருவதற்கு முந்திய காலம் அது. எழுத்துரு, விசைப்பலகை, நிரல் என்று எல்லாவற்றையும் ஒருவரே யோசிக்க வேண்டியிருந்தது. 2005 பொங்கலன்று சிங்கப்பூரில் அவருடைய செல்லினம் வெளிவந்தது. கைப்பேசியில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப வழி பிறந்தது. ஆப்பிள் கருவிகளில் ‘தமிழ் சங்கம் எம்.என்.’ என்று ஓர் எழுத்துரு இருக்கிறது. அந்த ‘எம்.என்.’ அவர் பெயரின் முதலெழுத்துகள். மலையாளம், சிங்களம், கெமர், லாவோ எழுத்துகளுக்கும் அவர் வடிவம் தந்திருக்கிறார். வடிவமைப்பு வேறு, நிரல் வேறு, மொழி வேறு என்று அவர் பிரித்துப் பார்த்திருந்தால் இவை எதுவும் நடந்திராது.

தம்பியின் எழுத்துருவுக்கு முதல் வாசகர் அவருடைய அம்மா. தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். வாட்ஸ்அப் புலனத்தில் அக்கா தங்கைகளுக்கு எல்லாம் தமிழிலேயே எழுதுகிறார். “பையன் செஞ்சது நல்லாத்தான் இருக்கு. இந்த ‘ழ’ மட்டும் நெருக்கமா இருக்கு. கண்ணாடி போட்டாத்தான் தெரியுது” என்றார் என்னிடம். மகன் மறுபேச்சுப் பேசவில்லை. ழகரத்தின் உள்வெளியைக் கொஞ்சம் அகட்டி மறுபடி அம்மாவிடம் நீட்டினார். நாற்பதைத் தாண்டிய கண்களுக்குத் தெரியாத எழுத்து எழுத்தே அல்ல என்பது அந்த வீட்டின் சட்டம்.

நம் வீடுகளில் கணினி படித்த பிள்ளையிடம் முதலில் சம்பளத்தைத்தான் கேட்கிறோம். சம்பளம் வேண்டியதுதான். ஆனால் இன்று நாம் தமிழில் தட்டும் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் வேலை முடிந்த பிறகு செலவிட்ட இரவுகள் இருக்கின்றன. அந்த நேரத்தை வெட்டி வேலை என்று சொல்லிக் கெடுக்காமல் இருப்பது பெற்றோர் செய்யக்கூடிய பேருதவி.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கணினி வகுப்பில் தட்டச்சோடு நிறுத்திவிடாதீர்கள். ஃபான்ட்ஃபோர்ஜுக்குக் கட்டணம் கிடையாது. ஐந்தாம் ஆண்டு மாணவர் தன் கையால் எழுதிய ஓர் ‘அ’வை அதில் ஏற்றித் திரையில் தட்டிப் பார்க்கட்டும். எழுத்தும் நாம் செய்யக்கூடிய பொருள்தான் என்று அந்தப் பிள்ளைக்கு அன்றே தெரிந்துவிடும். பாலோ போன்ற ஊர்களிலிருந்து அடுத்த எழுத்துக் கலைஞர்கள் வர அந்த ஒரு வகுப்பே தொடக்கமாகலாம்.